ஹூஸ்டன் தோட்டத்தில் உண்ணிச்செடி: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

வருடா வருடம் ஜனவரியில் எனக்கு ஒரு படம் வரும். கருகிப்போன ஒரு புதர், அதற்குக் கீழே "இது செத்துருச்சா அண்ணா?" என்று ஒரு வரி. அனுப்புகிறவர் மட்டும் மாறுவார். போன வருடம் பியர்லேண்ட், அதற்கு முன் சுகர்லேண்ட். செடி ஒன்றுதான்: லாண்டானா, நம் ஊர் உண்ணிச்செடி.

நான் சத்தியமங்கலம் பக்கத்துக்காரன். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிப் பழகிய ஊர். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்குக் குடிவந்த முதல் வருடம், நர்சரியில் அதையே தொட்டியில் வைத்து விலைச்சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பிவிட்டேன். ஆகஸ்ட் வெயிலில் மற்றதெல்லாம் வாடிக்கிடக்க, பக்கத்து வீட்டு வேலியோரம் அது மட்டும் பூத்துக் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது.

ஹூஸ்டன் பக்கம் குளிர்காலம் மென்மையானது. பெரும்பாலான வருடங்களில் உறைபனி விழுவது சில இரவுகள்தான், நடுநடுவே ஜனவரியிலேயே அரைக்கைச் சட்டை போடும் வெயிலும் அடிக்கும். லாண்டானாவைக் குழப்புவதும் வளர்ப்பவரைக் குழப்புவதும் இந்த இரண்டுங்கெட்டான் குளிர்தான். அதனால் என்ன அறிகுறியாக இருந்தாலும் இலையைப் பார்க்கும் முன் காலண்டரைப் பாருங்கள். ஜனவரியில் பழுப்பாக இருப்பது இயல்பு. ஜூலையில் அதே பழுப்பு தெரிந்தால் ஏதோ ஒன்று செடியைத் தின்கிறது.

நவம்பர், டிசம்பர்: இலை ஊதா கலந்து கறுக்கிறது

ஒன்றும் செய்ய வேண்டாம். இரவு வெப்பநிலை 40 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 4 செல்சியஸ்) பக்கம் இறங்கும்போது இலைகள் இப்படி நிறம் மாறும், பூவும் குறையும். சத்துக்குறைவு என்று நினைத்து உரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உரம் வேலை செய்யத் தொடங்கும்போது இளந்தளிர் வரும், முதல் பனிக்கு அதுதான் பலி. செப்டம்பர் பாதியிலேயே உரத்தை நிறுத்திவிடுவது நல்லது.

ஒரே இரவில் முழுச் செடியும் கருகிவிட்டது

28 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 2 செல்சியஸ் சில மணி நேரம் நீடித்தால் மேல் பாகம் போய்விடும். காலையில் இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கும், இரண்டு நாளில் காய்ந்து கறுக்கும். பார்க்கவே சகிக்காது. உடனே கத்தரிக்கோலைத் தேடுவோம். தப்பு நடப்பது அங்கேதான்.

லாண்டானாவை ஏன் குளிருக்கு முன்போ குளிரின் நடுவிலோ வெட்டக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, காய்ந்த தண்டின் உள்ளே குழல் போல வெற்றிடம் இருக்கும். தரையோடு வெட்டினால் அதன் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும். இங்கே குளிர்காலத்தில் மழையும் உண்டு, அந்தத் தண்ணீர் குழல் வழியே அடிக்கட்டைக்குள் இறங்கி அழுக வைத்துவிடும். இரண்டாவது, வெட்டு விழுந்த செடி துளிர்க்கப் பார்க்கும். ஜனவரியில் நான்கு நாள் வெயில் அடித்தால் போதும், வேரில் சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செலவழித்துத் தளிர் விட்டுவிடும். அடுத்த வாரம் வரும் பனி அதையும் எரித்துவிடும். இப்படி இரண்டு தடவை ஏமாந்த செடிக்கு மார்ச்சில் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. கருகிய கிளைகள் அசிங்கமாக இருந்தாலும், அடிக்கட்டைக்கு அவைதான் போர்வை.

எங்கள் குடியிருப்பில் புல் வெட்ட வந்த ஆட்கள் ஒரு டிசம்பரில், கேட்காமலேயே வரிசை முழுவதையும் மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். பாதிக்குமேல் பிழைக்கவில்லை. நீங்கள் ஆள் வைத்துத் தோட்ட வேலை செய்பவராக இருந்தால் நவம்பரிலேயே சொல்லிவையுங்கள். வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து "முன்தோட்டம் அலங்கோலமாக இருக்கிறது" என்று கடிதம் வந்துவிட்டதா? சமாதானத்துக்கு மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் சீராகக் கிள்ளிவிடுங்கள். அதற்குக் கீழே கை வைக்காதீர்கள்.

பனி வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் முந்தைய நாள் வேர்ப்பகுதி நனையத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். இலையை நனைக்க வேண்டாம், தானியங்கி ஸ்பிரிங்க்ளரையும் அணைத்துவிடுங்கள். அடிக்கட்டைமேல் மூன்று நான்கு அங்குலம் மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, பைன் ஊசி, மரப்பட்டை, எது கிடைத்தாலும் சரி. நிலத்தில் வேரூன்றிய செடிக்கு இது போதும், நான் துணியெல்லாம் போர்த்துவதில்லை. தொட்டிச்செடியின் கதை வேறு. தொட்டி மண் நாலாபுறமும் குளிர்ந்துவிடுமாதலால் வேரே உறையலாம். அதை இரண்டு மூன்று நாள் கராஜுக்குள் தள்ளிவிடுங்கள்.

மார்ச் முடிந்தும் தளிர் இல்லை

இங்கே கடைசிப் பனி பெரும்பாலும் பிப்ரவரி கடைசிக்குள் முடிந்துவிடும், நகரத்துக்கு மேற்கே கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதற்கப்புறம்தான் கவாத்து. தரையிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு அங்குலம் விட்டுவிட்டு மீதியை வெட்டுங்கள். முழங்கை வரை மறைக்கும் உறையும் முழுக்கைச் சட்டையும் தேவை. இலையும் தண்டும் சொரசொரவென்று இருக்கும், பலருக்குத் தோல் அரிக்கும்.

வெட்டியபின் பொறுமை வேண்டும். மற்ற செடிகள் பகல் சூட்டுக்கே துளிர்த்துவிடும். லாண்டானா மண் சூடாகும்வரை அசையாது. மார்ச் கடைசி, ஏப்ரல் என்பது சாதாரணம். கடுங்குளிர் அடித்த வருடம் மே வரைகூடப் போகும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். ஒரு கிளையின் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறட்டுக் குச்சியாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், தரை மட்டம் வரை. அங்கேயும் பச்சை இல்லையென்றால் மண்ணை இரண்டு அங்குலம் விலக்கி அடிக்கட்டையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருங்கள். சொதசொதவென்று உள்ளே போய், அழுகல் வாடையும் அடித்தால் பிடுங்கிவிடலாம்.

2021 பிப்ரவரி பனிப்புயல் இங்கே யாருக்கும் மறக்காது. ஹூஸ்டன் விமான நிலையத்தில் 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது, செல்சியஸில் மைனஸ் 10க்கும் கீழே. மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குழாய் வெடித்தது, செடியைப் பற்றி யார் நினைத்தார்கள்? அப்போது என்னிடம் ஐந்து லாண்டானா இருந்தன. ஏப்ரலில் இரண்டு துளிர்த்தன. மூன்றாவது மே இரண்டாம் வாரம், குழி தோண்டப் போன நாளில், அடிமண்ணிலிருந்து நெல்மணி அளவுக்கு ஒரு முளையைக் காட்டியது. செத்த இரண்டைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்று முந்தைய அக்டோபரில் நட்டது, வேர் இன்னும் தொட்டி வடிவத்தைவிட்டு வெளியே வரவில்லை. இன்னொன்று கூரைத் தண்ணீர் விழும் குழாயடியில் இருந்தது, அதன் வேர் கூழாகியிருந்தது. சொல்லப்போனால் எல்லாச் செடியும் பட்ட குளிர் ஒன்றுதான். நடும் காலமும் வடிகாலும்தான் வித்தியாசம். அதிலிருந்து நான் லாண்டானாவை மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் மட்டுமே நடுகிறேன். 2022 கிறிஸ்துமஸுக்கு முன் அடித்த குளிரில் ஒன்றுகூடப் போகவில்லை.

இந்தப் பக்கத்துக் களிமண்ணுக்குக் 'கம்போ' என்று பெயர். ஈரத்தில் சேறு, காய்ந்தால் செங்கல். நேரடியாகக் குழி தோண்டி நட்டால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். எட்டுப் பத்து அங்குல மேட்டுப்பாத்தி போட்டு நட்டால் குளிர்காலச் சாவு பாதி குறையும் என்பது என் அனுபவம்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூவைக் காணோம்

மே மாதத்தில் வரும் புகார் இது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வாருங்கள்.

முதலில் வெயில். ஆறு மணி நேர நேர்வெயில் குறைந்தபட்சம், எட்டு இருந்தால் இன்னும் நல்லது. நட்டபோது வெயில் இருந்திருக்கும், பக்கத்து ஓக் மரம் நாலு வருடத்தில் வளர்ந்து நிழல் போட்டிருக்கும். அதை நாம் கவனிப்பதே இல்லை. ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்தது புல்தரை உரம். நீங்கள் செடிக்கு ஒன்றும் வைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் இரண்டடி தள்ளிப் புல்லுக்குப் போட்ட தழைச்சத்து மழையில் வழிந்து இங்கே வந்திருக்கும். அடர்பச்சை இலை, நீளநீளமான கணு இடைவெளி, பூ இல்லை என்றால் இதுதான். புல்லுக்குத் தினமும் ஓடும் ஸ்பிரிங்க்ளர் செடியிலும் பட்டால் இன்னும் மோசம். நன்றாக வேர் பிடித்த லாண்டானாவுக்கு மழையில்லாத கோடையிலும் வாரம் ஒருமுறை ஆழமாக விட்டால் போதும்.

மூன்றாவது காய். பச்சை மணிகள் கொத்துக்கொத்தாய்த் தொங்கினால் செடி விதை செய்வதில் மும்முரமாக இருக்கிறது. நுனிகளைக் காய்களோடு சேர்த்துக் கிள்ளுங்கள், மூன்று நான்கு வாரத்தில் பூ திரும்பும்.

இது மூன்றும் இல்லை, மொட்டு வருகிறது, விரியும் முன் உதிர்கிறது என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கோடையில் இலை சாம்பலாய் வெளுக்கிறது, மொட்டு உதிர்கிறது

இதில் இரண்டு குற்றவாளிகள். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்: இலையில் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள், பிறகு இலையே வெளிறிவிடும். இலையைத் திருப்புங்கள். அடியில் தார் தெளித்தது போலப் பளபளக்கும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் லேஸ் பக். அது அந்தப் பூச்சியின் எச்சம். நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி, இறக்கை வலைப்பின்னல் போல இருக்கும். கறுப்புப் புள்ளி இல்லை, நரம்போரம் மெல்லிய நூலாம்படை தெரிகிறது என்றால் சிலந்திப்பேன். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். நகரும் தூசு சிலந்திப்பேன்.

லேஸ் பக்கின் பின்னணி சுவாரசியமானது. லாண்டானா ஹவாய்த் தீவுகளில் களையாகப் பரவியபோது, அதை ஒழிக்க 1902இல் மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன பூச்சிகளில் இதுவும் ஒன்று. பிறகு ஆஸ்திரேலியா, அங்கிருந்து 1941இல் இந்தியா. அவ்வளவு தூரம் அனுப்பியும் முதுமலையில் உண்ணிப்புதர் யானையை மறைக்கும் உயரத்துக்கு நிற்கிறது. காட்டில் புதரை ஒழிக்க முடியாத பூச்சி என் வீட்டில் ஆறு வாரம் பூவை நிறுத்திவிடுகிறது. என்ன நியாயமோ!

வைத்தியம் ஒன்றுதான், வேகத்தில்தான் வித்தியாசம். விடியற்காலையில் குழாய் நீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு வாரம். சிலந்திப்பேனுக்குப் பெரும்பாலும் இதுவே போதும், அது புழுதியையும் வறட்சியையும் விரும்புகிற சாதி. லேஸ் பக் அடங்கவில்லை என்றால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ மாலையில் தெளியுங்கள். 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலையே வெந்துவிடும். இலை பாதிக்குமேல் வெளுத்துவிட்டதா? தெளிப்பதில் அர்த்தமில்லை. செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டி வெளியேற்றிவிட்டு, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். புது இலை சுத்தமாக வரும்.

வேரில் ஊற்றினால் செடி முழுவதும் ஏறும் பூச்சிமருந்துகளைக் கடையில் பரிந்துரைப்பார்கள். நான் தொடுவதில்லை. அந்த மருந்து தேனிலும் இறங்கும். மோனார்க் பட்டாம்பூச்சி அக்டோபரில் மெக்சிகோ போகிற வழியில் இந்தப் பூவில் உட்கார்ந்து குடிப்பதைப் பார்க்கத்தானே இதை வளர்ப்பதே.

இலை மஞ்சளாகிறது

நரம்பு பச்சையாகவே இருந்து நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால், அதுவும் இளந்தளிரில் முதலில் தெரிந்தால், இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மை அதைப் பூட்டிவைத்திருக்கும். புதுவீட்டுச் சுவரோரம் சிமெண்டுக் கழிவு கலந்த மண்ணில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காரமண்ணிலும் வேலை செய்யும் 'ஈடிடிஎச்ஏ' வகை இரும்பு கேட்டு வாங்குங்கள், சாதாரண இரும்பு உப்பு இங்கே வீண்.

கீழிலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தண்ணீர். இதில் ஒரு கண்கட்டு உண்டு: அழுகும் வேரால் நீர் ஏற்ற முடியாததால் செடி வாடும், வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். ஆகஸ்ட் நடுப்பகலில் வாடி, சூரியன் சாய்ந்ததும் நிமிர்ந்தால் கவலை இல்லை. காலையிலும் வாடியே நின்றால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

இலைமேல் மாவு தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். நிழலும் காற்றோட்டக் குறைவும் காரணம், வெயிலுக்கு மாற்றுவதே மருந்து. இலைக்குள் வெளிறிய திட்டு அல்லது கோடு ஓடினால் இலைத் துளைப்பான், கிள்ளிப் போடுங்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது. தட்டினால் வெள்ளைத்தூளாய்ப் பறந்தால் வெள்ளை ஈ, மேலே சொன்ன சோப்புக் கரைசலே போதும். ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், ஓரத்தில் சிவப்பு என்று நிறம் மாறுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது நோயில்லை. பூ முதிர முதிர நிறம் மாறும். தேன் அதிகமிருக்கும் இளம்பூவை வண்ணத்துப்பூச்சி நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

நடுவில் வெறும் குச்சி, ஓரத்தில் மட்டும் இலை

மூன்று நான்கு வருடம் கவாத்தே பார்க்காத செடி இப்படி ஆகும். பனியே விழாத குளிர்காலத்துக்குப் பின்னும் இதைப் பார்க்கலாம். இலை உதிராததால் வெட்ட மனம் வராது, கிளை மரமாகிவிடும். மார்ச் தொடக்கத்தில் துணிந்து ஓரடிக்கு இறக்குங்கள். தரையில் படர்ந்த கிளைகள் கணுவில் தானாக வேர் விட்டிருக்கும், அவற்றைப் பிரித்து வெற்றிடத்தில் நட்டுக்கொள்ளலாம். செப்டம்பரில் பூக்காத நுனியாகப் பார்த்து நான்கு அங்குலக் குச்சி நாலைந்தை மணல் கலந்த தொட்டியில் சொருகி கராஜ் ஜன்னலில் வைத்துவிடுவேன். அடுத்த பனிப்புயலுக்கு அது என் காப்பீடு.

எங்கே பார்த்தாலும் கன்றுகள் முளைக்கின்றன

மாக்கிங்பேர்ட் என்ற இங்கத்திய குருவிக்குப் பழுத்த உண்ணிப்பழம் பிடிக்கும். வேலிமேல் உட்கார்ந்து விதையை எச்சமிட்டுப் போகும், வேலியடியில் வரிசையாக முளைக்கும். இரண்டு இலையில் பிடுங்கினால் விரலுக்கே வந்துவிடும், இரண்டு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும். பிரச்சினையே வேண்டாம் என்றால் காய் பிடிப்பது மிக அரிதான 'நியூ கோல்ட்' வகையை நடுங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்கள் சோதித்துப் பரிந்துரைக்கும் 'டெக்சாஸ் சூப்பர்ஸ்டார்' பட்டியலில் இருப்பது, இந்த ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் ஈடுகொடுக்கிறது. குளிர்தான் முதல் பயம் என்றால் 'மிஸ் ஹஃப்' இன்னும் தாங்கும், ஆனால் ஆளுயரப் புதராகும், இடம் விட்டு நடுங்கள்.

காய் விஷயத்தில் இன்னொன்று. சின்ன வயதில் கறுத்த உண்ணிப்பழத்தைப் பறித்துத் தின்று நாக்கை நீட்டிக் காட்டிய ஆட்கள் நாம். அதை நினைத்துக்கொண்டு பேரன் பேத்திக்குப் பறித்துக் கொடுக்க வேண்டாம். பச்சைக்காயிலும் இலையிலும் விஷம் உண்டு, ஆடுமாடுகள் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். நாய், பூனைக்கும் ஆகாது. சிறுபிள்ளை விளையாடும் பக்கம் செடி இருந்தால் காயை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். பிள்ளை வாயில் போட்டுவிட்டது தெரிந்தால் காய் பச்சையா கறுப்பா, எத்தனை என்று பார்த்துக்கொண்டு 1-800-222-1222க்குப் பேசுங்கள். அமெரிக்கா முழுவதற்குமான விஷ உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.